நீல அலை வந்தால் பார்ப்பது எப்படி?

2019 ஆகஸ்டில் திருவான்மியூர் கடலில் அலை நீலமாக மின்னியதே, அது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரியின் வேலை. மறுபடி வந்தால் நிலா இல்லாத நேரத்தில் போங்கள். தெருவிளக்குக்கு முதுகைக் காட்டிப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகட்டும். போனை எடுக்கவே வேண்டாம். இந்தக் காட்சிக்கு எமன் அதுதான்.

அப்புறம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கடல்நீரை மொண்டு லேசாகக் குலுக்குங்கள். ஊசிமுனைப் புள்ளிகள் தனித்தனியாக மினுங்கும். குலுக்கியதும் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. அதில் தூண்டப்படும் லூசிஃபெரேஸ் நொதி, லூசிஃபெரின் என்ற ஒளிதரும் பொருளை ஆக்சிஜனோடு சேர்க்கிறது. கண்ணிமைக்கும் நேரம் ஒளி வருகிறது. விடாமல் குலுக்கினால் மங்கிவிடும், சற்றுப் பொறுத்துக் குலுக்குங்கள்.

குளிக்க மட்டும் இறங்காதீர்கள். நாக்டிலூகா பெருகிய நீரில் அம்மோனியா சேரும். நான் கணுக்காலோடு சரி.