இங்க்ரிட் பெர்க்மன் படங்களை மறுபடி பார்ப்பது எப்படி

சம்பா அறுவடை ஓய்ந்து மாசி பிறந்ததும் ஆரம்பியுங்கள். அதற்கு முன்னால் எங்கள் திருவையாற்றுப் பக்கம் யாருக்கும் இரவில் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். பழைய ஹாலிவுட் நடிகை பெர்க்மனின் நடிப்பில் பாதி கண்ணோரத்தில் நடக்கிறது, சின்னத் திரையில் அது தெரியவே தெரியாது.

பாட்டு சொல்லிக்கொடுப்பது என் தொழில். யார் எப்படிக் கேட்கிறார்கள் என்று கவனிப்பது அதனால் பழகிவிட்டது. இந்தப் படங்களையும் அப்படித்தான் பார்க்கச் சொல்வேன்: அவர் பேசும்போது அல்ல, எதிராளி பேசும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

முதலில் 1942-இல் வந்த 'காசாபிளாங்கா'. கதை உங்களுக்குத் தெரியும், சரி. மதுவிடுதிப் பாடகர் சாம் பியானோ வாசித்துப் பாடும் இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை ஓட்டுங்கள். கேமரா பெர்க்மன் முகத்திலேயே நிற்கிறது, அவர் கேட்கிறார், அவ்வளவுதான். கதையின் முடிவு தீர்மானமாகாமலே படப்பிடிப்பு நடந்தது. கணவன், பழைய காதலன் இருவரில் யாரைக் காதலிப்பதாக நடிப்பது என்று தெரியாமலே நடித்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பார்வையில் இருக்கும் தயக்கம் வேறு மாதிரித் தெரியும்.

அப்புறம் 'கேஸ்லைட்', 1944. முதல் ஆஸ்கர் இதற்குத்தான். வீட்டில் வேறெங்கோ ஒரு கேஸ் விளக்கை ஏற்றினால் இவர் அறையில் எரியும் விளக்கு மங்கும். வயலில் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குகிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கணவனோ, எல்லாம் உன் கற்பனை என்கிறான். தன் கண்ணையே நம்ப முடியாமல் போகும் பெண்ணின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைவதை நிதானமாகப் பாருங்கள்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் சாவியை மறந்துவிடாதீர்கள். மாளிகைக் கூடத்தின் உச்சியிலிருந்து இறங்கி வரும் கேமரா, பெர்க்மன் உள்ளங்கையில் இருக்கும் சாவியில் வந்து நிற்கும்.

இத்தாலிக்குப் போய் இயக்குநர் ரோசலினியோடு செய்த படங்களை அவசரமாகப் பார்க்க வேண்டாம். அவை மெதுவாக நகர்பவை, அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம். 'மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்' (1974) படத்தில் அவருக்குச் சின்ன வேடம், மூன்றாவது ஆஸ்கர். விசாரணைக் காட்சியில் அவரைக் காட்டும் நீளமான ஷாட்டில் வெட்டே கிடையாது.

கடைசியாக 'ஆட்டம் சொனாட்டா', 1978, ஸ்வீடிஷ் படம். சப்டைட்டிலோடு பாருங்கள். இயக்குநர் இங்க்மார் பெர்க்மன், பெயர்தான் ஒன்று, உறவில்லை. படத்தில் இங்க்ரிட் புகழ்பெற்ற பியானோ கலைஞர், மகளாக வருவது லிவ் உல்மன். மகள் இசையமைப்பாளர் ஷோபானின் ஒரு பிரிலூடை, அதாவது ஒரு சின்னப் பியானோ உருப்படியை, வாசிக்கிறாள், அம்மா கேட்கிறாள். பிறகு அதையே அம்மா வாசித்துக் காட்ட, மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறாள். குருவே தாயாகவும் இருக்கும் வீடுகள் தஞ்சாவூர் ஜில்லாவில் நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவர்கள் இதை முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கலாம். நான் அப்படித்தான் செய்தேன், படம் முடிந்ததும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.