டிரைவ்கள் நிறைந்த ஆலையில் வோல்டேஜைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சப்ளையில் நேரடியாக ஓடும் மோட்டார்களோடு பல வருடம் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் கைவந்திருக்கும்: லோடு குறைந்த மோட்டாருக்கு வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கினால் இரும்பு இழப்பு (மோட்டாரின் இரும்பு மையத்தில் வெப்பமாக வீணாகும் பவர்) குறையும். அதே பழக்கத்தில், டிரைவ்கள் (மோட்டாரின் வேகத்தை மாற்றித்தரும் மின்னணுக் கருவிகள்) பெருகிய ஆலையிலும் மின்சாரம் மிச்சமாகும் என்று டிரான்ஸ்ஃபார்மர் டேப்பை, அதாவது வெளிவரும் வோல்டேஜைப் படிப்படியாக மாற்றும் இணைப்பை, இறக்கிவிடுகிறார்கள். மற்ற எல்லாத் தவறுகளையும்விட இதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும்.

டிரைவ், உள்ளே வரும் ஏசியை டிசியாக மாற்றி, மோட்டாருக்கு வேண்டிய வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் தானே உருவாக்கிக் கொடுக்கிறது. வெளியே 400 வோல்ட் வந்தாலும் 380 வந்தாலும் பம்புக்குத் தேவையான கிலோவாட் அதேதான். வோல்டேஜ் குறைந்தால் கரண்ட்டைக் கூட்டி அந்தப் பவரை எடுத்துக்கொள்ளும். 10 சதவீதம் வோல்டேஜ் இறங்கினால் கரண்ட் சுமார் 11 சதவீதம் ஏறும். கேபிளிலும் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கிலும் வெப்பமாகப் போகும் இழப்பு ஏறக்குறைய 23 சதவீதம் கூடும். ஏறிய கரண்ட்டால் வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் விழும். மிச்சம் பிடிக்கப் போய் நஷ்டம்தான்.

சரி, டேப்பை உயர்த்தியே வைத்துவிடலாமா? அதுவும் வேண்டாம். 400 வோல்ட் சப்ளையில் டிசி பஸ், அதாவது டிரைவுக்குள் டிசியைத் தாங்கி நிற்கும் பகுதி, 540 முதல் 565 வோல்ட் வரை நிற்கும். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் ஆற்றல் அதை மேலே தள்ளும். இந்த வகை டிரைவ்களில் பல 800 வோல்ட்டை ஒட்டி டிரிப் ஆகிவிடும். சப்ளையே உயரத்தில் இருந்தால், டிசி பஸ்ஸுக்கும் டிரிப் அளவுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி சுருங்கிப்போகும்.

அப்புறம் கெபாசிட்டர் பேங்க். பவர் ஃபேக்டர் (இழுக்கும் கரண்ட்டில் எவ்வளவு உருப்படியான பவராகிறது என்ற விகிதம்) குறைவாகத் தெரிகிறது என்று இன்னொரு பேங்க்கைச் சேர்ப்பார்கள். டயோடு ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் பகுதி) உள்ள டிரைவில் கரண்ட் வோல்டேஜுக்குப் பின்தங்குவது மிகக் குறைவு. பவர் ஃபேக்டரைக் கெடுப்பது ஹார்மோனிக், அதாவது சப்ளை ஃப்ரீக்வென்சியின் மடங்குகளில் வந்து அலையைச் சிதைக்கும் கரண்ட். அதைக் கெபாசிட்டர் தீர்க்காது, பல சமயம் பெரிதாக்கும். ஒரு கணக்கைப் பாருங்கள்: 1000 கேவிஏ, 5 சதவீத இம்பீடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மர், ஷார்ட் சர்க்யூட் அளவு சுமார் 20 எம்விஏ, அதாவது 20000 கேவிஏ. அதில் 400 கேவிஏஆர் கெபாசிட்டர் மாட்டினால், 20000-ஐ 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க, 7.07 வரும்; டிரான்ஸ்ஃபார்மரும் கெபாசிட்டரும் சேர்ந்து கரண்ட்டைப் பெரிதாக்கும் ரெசொனன்ஸ், சப்ளை ஃப்ரீக்வென்சியின் இத்தனையாவது மடங்கில் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் டிரைவ்கள் உண்டாக்கும் 7-ஆம் ஹார்மோனிக், 350 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஃபியூஸ் போவதும் கெபாசிட்டர் உப்புவதும் இப்படித்தான். கெபாசிட்டர் கட்டாயம் வேண்டும் என்றால், 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டரோடு (ரெசொனன்ஸை இடம் மாற்ற, கெபாசிட்டரோடு தொடராக இணைக்கும் சுருள்) போடுங்கள். ரெசொனன்ஸ் 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, 5-ஆம் ஹார்மோனிக்கின் 250-க்குக் கீழே போய்விடும்.

இதே 400 கேவிஏஆர், வோல்டேஜையும் சுமார் 2 சதவீதம் உயர்த்தும். லோடு இறங்கிய ராத்திரியிலும் அது லைனிலேயே நின்றால், ஓவர்வோல்டேஜ் டிரிப்புக்குக் காரணத்தை டிரைவுக்குள் தேடிக்கொண்டிருப்போம்.

மீட்டரை நம்புவதிலும் கவனம் வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் சைன் அலைக்கென்றே அளவீடு செய்யப்பட்டது. சிதைந்த அலையில் தப்பாகக் காட்டும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் (சிதைந்த அலையிலும் சரியான ஆர்எம்எஸ் அளவைக் காட்டுவது) இருந்தாலும் பாதிதான் தெரியும். டயோடு ரெக்டிஃபையர் அலையின் உச்சியில்தான் கரண்ட்டை இழுக்கிறது. அதனால் அலையின் தலை தட்டையாகிவிடும். ஆர்எம்எஸ் 400 என்று சரியாகக் காட்டும்போதே, உச்சி குறைந்ததால் டிசி பஸ் தாழ்ந்திருக்கலாம். ஆர்எம்எஸ், டிசி பஸ் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

மூன்று பேஸும் சமமா என்பதையும் விட்டுவிடாதீர்கள். வோல்டேஜில் 2, 3 சதவீத வித்தியாசமே டிரைவின் உள்ளீட்டுக் கரண்ட்டில் பெரிய ஏற்றத்தாழ்வாக வெடிக்கும். ரெக்டிஃபையரும் டிசி பஸ் கெபாசிட்டரும் சூடேறும். டிரைவின் உள்ளீட்டில் லைன் ரியாக்டர் (சுருள்) போட்டால் கொஞ்சம் தணியும்.

கண நேர வோல்டேஜ் சரிவுக்கு சர்வோ ஸ்டெபிலைசர் (சிறு மோட்டார் நகர்ந்து வோல்டேஜைச் சரிசெய்யும் கருவி) வாங்குவது வீண். அது நகர்வதற்குள் டிரைவ் டிரிப் ஆகியிருக்கும். சுழலும் லோடின் வேகத்திலிருந்து ஆற்றலை எடுத்து, சரிவின்போது டிசி பஸ்ஸைத் தாங்கும் வசதி பல டிரைவ்களிலேயே உண்டு. ஃபேன் போன்ற கனமான லோடுகளில் அதை முதலில் இயக்கிப் பாருங்கள்.

டேப்பைத் தொடுவதற்கு முன் ஒரு முழு வாரம் பதிவு எடுங்கள்: மூன்று பேஸ் வோல்டேஜ், டிசி பஸ், கெபாசிட்டர் படிகள், முழு லோடு நேரம், வெறும் லோடு நேரம். டேப் மாற்றுவது, சாதாரண டிரான்ஸ்ஃபார்மர்களில், சப்ளையை முழுவதும் துண்டித்த பிறகுதான்.