வக்கீல் இல்லாமல் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கா? உதவி கிடைக்கும் இடங்கள்

பழுதான குளிர்சாதனப் பெட்டியை மாற்றித் தர மறுத்த ஒரு கடையின் மேல், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் நானே வழக்கு நடத்தினேன். முதன்முறை போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். கடையோடு பேச்சு இழுத்துக்கொண்டே போனால் காத்திருக்காதீர்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்தில் மனு போட்டாக வேண்டும்.

2. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு (15100). பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. வழக்கை நீங்களே நடத்தினாலும் ஆலோசனை கேட்கலாம். என் மனுவைத் திருத்தித் தந்தவர் அங்கிருந்த வழக்கறிஞர்தான். கூச்சப்படாமல் போங்கள்.

3. படிப்பதற்கு, சட்டத்துக்கு இந்தியா கோட் தளம், தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன். காணொளிகளை நான் நம்புவதில்லை. பல இன்னும் 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையே விளக்குகின்றன. 2020 ஜூலை முதல் நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம்.

4. மனு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

5. நிரூபண வாக்குமூலம். நான் தடுமாறிய இடம் இதுதான். மனுவோடு ரசீதையும் கடிதங்களையும் இணைத்தாயிற்றே, இனி வாதம்தானே என்று நினைத்துப் போய் நின்றேன். "நிரூபண வாக்குமூலம் எங்கே?" என்று கேட்டார்கள். ஒரு வாய்தா வீணானது. மனுவில் சொன்னதை உறுதிமொழியாக மீண்டும் எழுதி, ஒவ்வோர் ஆவணத்தையும் அ1, அ2 என்று தேதி வரிசையில் குறிப்பிட்டுக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். அதன் பிறகே அவை சான்றாவணங்களாகக் குறியிடப்படும். எந்த ஆவணம் எதை நிரூபிக்கிறது என்று பக்கத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். வாதத்தின்போது காகிதம் தேடித் திணற வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை: கடைக்காரர் பதிலே தராமல் வாய்தா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். மனு நகலுடன் நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020இல் தீர்ப்பளித்துவிட்டது. நாட்களை எண்ணிப் பாருங்கள். 45 தாண்டியிருந்தால், அவரது பதிலுரையை ஏற்கக் கூடாது என்று எழுத்திலேயே கொடுங்கள்.