பழைய கரண்டியில் பொய் இரை: பட்டறையில் எங்கே பிசகுகிறது

பள்ளிப் பட்டறையில் தூண்டிலுக்குப் பொய் இரை செய்யலாம் என்றதும் பிள்ளைகள் கை முதலில் போவது பெயிண்டுக்குத்தான். செதில் வரைவார்கள், கண் ஒட்டுவார்கள், மினுக்குத் தூளைக் கொட்டுவார்கள். மேசைமேல் அசல் மீன்தான். தண்ணீரில் விட்டு இழுத்தால் குச்சிபோல நேராக வரும், இல்லையென்றால் மல்லாந்து வரும். மீனைக் கிட்டே வரவைப்பது பெரும்பாலும் அசைவு, வண்ணமெல்லாம் அப்புறம்.

அதனால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்பே ஒரு நீளத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி இழுத்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்குத் தூண்டில் முள் வேண்டாம். ஆனால் முள்ளின் எடை இல்லாவிட்டால் அசைவே மாறிவிடும். முள் வரும் இடத்தில் அதே எடையில் ஒரு கம்பித் துண்டைத் தொங்கவிடுங்கள்.

பழைய கரண்டியை எடுத்துக்கொண்டால், அதைத் தட்டித் தட்டையாக்குவதுதான் பெரிய தவறு. அந்தக் குழிவில்தான் தண்ணீர் பட்டு இரை இப்படியும் அப்படியும் ஆடுகிறது. 1852-லேயே அமெரிக்காவில் ஜூலியோ புவெல் என்பவர் கரண்டி இரைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இன்றும் அந்த வளைவுதான் வேலை செய்கிறது. காம்பை அறுத்துவிட்டு இரண்டு முனையிலும் ஓரத்திலிருந்து சுமார் 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் துளை போடுங்கள். ஓரத்தை ஒட்டிப் போட்டால் கிழியும். கரண்டியைக் கையால் பிடித்துக்கொண்டு டிரில் போடவே கூடாது: பிட் கடித்தால் கரண்டி காற்றாடியாகச் சுழலும். வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) இறுக்கி, ஆணியால் ஒரு புள்ளி குத்திவிட்டுத் துளையிட்டால் பிட் வழுக்காது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். துளையின் பிசிறை அரத்தால் தேய்க்காமல் தூண்டில் நரம்பை நேரே கட்டினால் நரம்பு அறுந்துவிடும். பாதிப் பேர் விடுகிற படி இதுதான்.

பிளாஸ்டிக் எல்லாம் ஒன்று என்று நினைப்பது அடுத்தது. ஒரே தண்ணீர் பாட்டிலில் மூடி மிதக்கும், உடல் துண்டு மூழ்கும், இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக் என்பதால். மூடியால் செய்த இரைக்கு அடிவயிற்றில் எடை வைக்காவிட்டால் கவிழும். எடைக்குப் பழைய ஈயக்குண்டை உருக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 327 டிகிரியில் உருகிவிடும் என்பதால் சாதாரண அடுப்பே போதும், அதுதான் வம்பு. ஈயம் நஞ்சு, பட்டறைக்குள்ளேயே வேண்டாம். இரும்பு நட்டு போதும். ஈயத்தைவிட இலேசு என்பதால் அதே எடைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும், அவ்வளவுதான்.

தெர்மாகோலில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பவர்கள் ஒரு முறை அடித்துப் பார்த்தாலே போதும், கண்முன்னே கரைந்து குழியாகும். கரையாவிட்டாலும் நான் தெர்மாகோலைச் சேர்க்கமாட்டேன். உடைந்தால் மணி மணியாகத் தண்ணீரில் பரவும். மினுக்குத் தூளும் அப்படியே. குப்பையை எடுத்துச் செய்த பொருள் திரும்பவும் குப்பையாகக் குளத்தில் கிடப்பதில் என்ன லாபம்?

சூடான பசைத் துப்பாக்கியை நம்பி முள் வளையத்தை ஒட்டுவதும் அதே கதைதான். மீன் ஒரு இழுப்பு இழுத்தால் முள் அதன் வாயில், மீதி உங்கள் நரம்பில். தக்கையோ மூடியோ, ஒரே துருப்பிடிக்காத கம்பியை உடலின் நடுவே ஊடுருவவிட்டு இரு முனையிலும் வளையம் முறுக்குங்கள். இழுப்பு முழுவதும் கம்பியில் விழும்.

முள்ளை ஆசிரியர் கடைசியில், எண்ணித்தான் கொடுக்க வேண்டும். முள் முனைக்குப் பக்கத்தில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சிறு எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிட்டால், விரலில் ஏறினாலும் எளிதாக வெளியே வரும். மாட்டிய உடனே முனையில் ஒரு தக்கைத் துண்டைக் குத்திவையுங்கள். வகுப்பு முடியும்போது மறுபடி எண்ணுங்கள்; ஒன்று குறைந்தால், காந்தத்தைத் தரையில் ஓட்டித் தேடிய பிறகே கதவைத் திறங்கள்.