பழைய இரும்பு சைக்கிள் வாங்கப் போகும்போது பையில் நூல்கண்டு இருக்கட்டும்

போன வருஷம் சென்னை கொருக்குப்பேட்டையில் ஒரு காயலான் கடையில் 24 இன்ச் ஃபிரேம் ஒன்றை எடைக்கு எடுத்தேன். கறுப்பு பெயின்ட் அங்கங்கே உரிந்திருந்தது, மற்றபடி ராஜா மாதிரி நின்றது. வீட்டில் பெடல் அச்சு போகிற அடிக்குழாயில் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தால் சுண்டுவிரல் பொசுக்கென்று உள்ளே போகிறது. அங்கே இரும்பே இல்லை, பெயின்ட்தான் இத்தனை நாளாகத் தாங்கிக்கொண்டிருக்கிறது! யாரையும் குறை சொல்ல முடியாது, குனிந்து பார்க்காதது என் தப்பு.

அதனால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் கடைசியில் தேங்குவது அந்த அடிக்குழாயில்தான். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல குழாய் கணீரென்று கேட்கும், துரு தின்ற இடத்தில் சத்தம் மொத்தையாகிவிடும். அப்புறம் ஹேண்டில்பாருக்குக் கீழே, இரண்டு குழாய்கள் வந்து சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். துணி மடிந்த மாதிரி ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டால் வண்டி எங்கேயோ நேராகப் போய் மோதியிருக்கிறது.

இனி நூல். பின்சக்கரத்தைக் கழற்றி, அது உட்காரும் காடி ஒன்றில் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் குழாயைச் சுற்றி, மறுபக்கக் காடிக்குக் கொண்டுவந்து இழுத்துப் பிடியுங்கள். நடுவில் சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளக்க வேண்டும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் ஃபிரேம் கோணியிருக்கிறது. கோணினால் தூக்கிப்போட வேண்டுமா என்றால், கொஞ்சமாக இருந்தால் வேண்டாம். இரும்பைக் குளிர்ந்த நிலையிலேயே வளைத்து நேராக்கலாம், அலுமினியத்தில் அதைச் செய்தால் விரிசல் பயம்.

பழைய ஃபிரேமுக்கு இன்னும் மவுசு இருப்பதற்கு இதுதான் காரணம் என்பேன். குழாய்கள் சேரும் இடத்தில் சட்டைக் கை மாதிரி ஒரு கூடு இருக்கிறதே, அதற்குள் பித்தளையை உருக்கி ஓட விட்டிருப்பார்கள். இரும்பு உருகும் சூட்டுக்கு வெகு முன்பே பித்தளை உருகிவிடும் என்பதால், கேஸ் பற்றவைப்பு தெரிந்த பட்டறைக்காரர் சூடு காட்டி ஒரு குழாயை மட்டும் கழற்றி வேறு போட முடியும். அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்குதான், உண்மை. ஆனால் இரும்புக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு, அதற்குள் எத்தனை லட்சம் தடவை குலுங்கினாலும் களைத்து உடையாது. அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சண்டைக்கு வராதீர்கள். "இரும்பு என்றால் குலுங்காது" என்பது பாதிதான் சரி. எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்தில் உங்கள் முதுகைக் காப்பாற்றுவது தடித்த டயரும் சீட் ஸ்பிரிங்கும் நீளமான வண்டியும்தான். 1935-ல் இங்கிலாந்தில் வந்த ரெனால்ட்ஸ் 531 மாதிரி மெல்லிய குழாய் வேறு சாதி. நம் அம்பத்தூரில் டிஐ கம்பெனி செய்த ஹெர்குலிஸ் அரிசி மூட்டை ஏற்றுவதற்குப் பிறந்தது, 20 கிலோவை ஒட்டி வரும். பாலம் ஏறும்போது தெரியும்.

வாங்கியாகிவிட்டதா, கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கையைக் கழற்றுங்கள். இங்கேதான் நிறைய பேர் வண்டியைக் கெடுக்கிறார்கள். கிராங்கை அச்சோடு ஆப்பு மாதிரி இறுக்கும் கோட்டர் பின்னின் நட்டை முழுதாக எடுக்காமல், மரை நுனிக்குச் சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, கிராங்குக்கு நேர் அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டைத் தரையிலிருந்து முட்டுக் கொடுத்து, சுத்தியலால் ஒரே போடு. முட்டு இல்லாமல் பத்துத் தடவை தட்டினால் அடி முழுக்க உள்ளே பால்ரஸ் ஓடும் கப்பில் இறங்கிக் குழி விழும். பெடலைக் கழற்றும்போது ஞாபகம் இருக்கட்டும், இடது பெடலுக்கு மரை தலைகீழ். கோட்டர் பின், பால்ரஸ், கப்பு எல்லாம் ரத்தன் பஜார் பக்கம் கிடைக்கும், பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

எல்லாம் பிரித்துக் கிடக்கும்போதே உள்பக்கத்தைக் கவனித்துவிட வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் காற்றில் உப்பு இருக்கிறது, வெளியே எவ்வளவு பளபளப்பாகப் பெயின்ட் அடித்தாலும் துரு உள்ளே இருந்துதான் வரும். குழாய்களை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கெட்டியான இன்ஜின் ஆயில் ஊற்றி, ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி, மிச்சத்தை வடிய விடுங்கள். தரை நாறும், வீட்டில் திட்டு விழும், மொட்டை மாடிக்குப் போங்கள். சீட் கிளாம்ப் இருக்கும் பிளவு மேல் பழைய டியூபில் வெட்டிய வளையம் ஒன்றை இழுத்து மாட்டினால் தண்ணீர் இறங்கும் வழி பெரும்பாலும் அடைபடும். வெளியே துரு இருக்கும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தால் போதும்.

டிசம்பர் மழை ஓய்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீட்டைக் கழற்றி வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். வடிவது எண்ணெயாக இருந்தால் மாட்டிக்கொண்டு கிளம்பலாம். செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தால் மறுபடியும் மொட்டை மாடிதான்.