நான்கு மூவுக்கும் நான்கு பெயர்: போக்கிமான் போட்டிக்கு மூவ்செட் அமைக்கும் முறை

ஒரு நோட்டை எடுத்து, போக்கிமானின் பெயரை மேலே எழுதி, கீழே நான்கு கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் இடப்பக்கம் ஒரு மூவ், அதாவது ஆட்டத்தில் அந்தப் போக்கிமான் செய்யும் அடி அல்லது உத்தி; நான்கும் சேர்ந்ததுதான் செட். வலப்பக்கம், அந்த மூவை எந்த எதிரியின்மேல் அழுத்தப்போகிறீர்களோ அதன் பெயர். வலப்பக்கம் எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்த மூவுக்குச் செட்டில் இடமில்லை. "பவர் ஜாஸ்தி", "எப்பவாவது உதவும்" என்பதெல்லாம் பெயர் ஆகாது. பெங்களூரு ஹலசூரிலும் விவேக்நகரிலும் நம் பிள்ளைகள் ஒருவர் டீமை ஒருவர் புரட்டும்போது இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும்: "மச்சா, இது யாருக்கு?"

கீழே வரும் எண்கள் 2022 நவம்பரில் வெளியான ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களின் விதிப்படி. டேமேஜ் கணக்கு லெவல் 50-க்கு.

எந்த ஆட்டத்துக்கு?

மூவைத் தொடுவதற்கு முன் ஆட்ட வகையை முடிவு செய்யுங்கள். நின்டெண்டோ ஸ்விட்சில் சிங்கிள்ஸ் (ஒன்றுக்கு ஒன்று) என்றால் ஆறில் மூன்றை இறக்குவோம். டபுள்ஸில் (இரண்டுக்கு இரண்டு), அதாவது வி.ஜி.சி. என்ற அதிகாரப்பூர்வப் போட்டியில், ஆறில் நான்கு. ஷோடவுன் என்ற இலவச இணையதளத்தில் பலர் ஆடும் சிங்கிள்ஸில் ஆறும் இறங்கும். ஒரே போக்கிமானுக்கு இந்த மூன்றிலும் மூன்று செட் வரும்.

எதிராளியின் பக்கம் கல்லைப் பரப்பும் ஸ்டெல்த் ராக்கைப் பாருங்கள். ராக் டைப் (கல் வகை) அடி கூடாமல் குறையாமல் படும் ஒன்று உள்ளே வரும்போது ஹெச்.பி.யில் (உயிர்ப் புள்ளியில்) 12.5% போகும், அது நான்கு மடங்கு படும் சாரிசார்டுக்கு 50% போகும். ஆறுக்கு ஆறு ஆட்டத்தில் எதிராளி பத்துப் பதினைந்து தடவை மாற்றி இறக்குவார் என்பதால் அது தங்கம். டபுள்ஸில் மாற்றங்கள் குறைவு, ஆட்டமும் சீக்கிரம் முடிந்துவிடும். கல்லைப் போட ஒரு சுற்றைக் கொடுத்ததுதான் மிச்சம். ஒரு சுற்றுக்குத் தன்மேல் விழும் அடியைத் தடுக்கும் புரொடெக்ட் நேர்மாறு. சிங்கிள்ஸில் அது பெரும்பாலும் வீண். டபுள்ஸில் இரண்டு எதிரிகளும் ஒன்றையே குறிவைக்கும் சுற்றில் ஒரு புரொடெக்ட் எதிராளியின் இரண்டு அடியைக் காற்றில் விடும், அதே நேரத்தில் நம் துணை சுதந்திரமாக அடிக்கும். ஆறில் மூன்று நான்குக்காவது அது வேண்டும். தொடர்ந்து இரண்டாம் சுற்றும் அழுத்தினால் பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

கார்சோம்பை வைத்து ஒரு செட்

கார்சோம்ப் டிராகன், கிரவுண்ட் இரண்டும் சேர்ந்தது. தன் டைப் மூவை அடித்தால் டேமேஜ் 1.5 மடங்கு என்பதால் முதல் இரண்டு கோடு பெரும்பாலும் தன் டைப்புக்கே போகும். சிங்கிள்ஸுக்கு எர்த்குவேக் (பவர் 100), டிராகன் கிளா (பவர் 80) என்று எழுதிக்கொள்வோம். அவுட்ரேஜின் பவர் 120; ஆனால் இரண்டு மூன்று சுற்று அதிலேயே மாட்டிக்கொள்வீர்கள், முடிவில் குழப்பமும் வரும். எதிராளியிடம் ஃபேரி டைப் ஒன்று இருந்தால் அவர் அதை நிதானமாக இறக்கிவிடுவார்.

இப்போது முக்கியமான வேலை: இந்த இரண்டு மூவும் சேர்ந்தே யாரைத் தொட முடியாது? ஸ்டீல் டிராகனைத் தாங்கும், ஆனால் கிரவுண்டில் விழும். ஃபேரிக்கு டிராகன் படவே படாது, கிரவுண்ட் படும். அப்படியானால் தப்பிப்பவர்கள் பறக்கும் ஸ்டீலும் பறக்கும் ஃபேரியும்: கார்விநைட், ஸ்கார்மரி, லெவிடேட் (தரையில் படாமல் மிதக்கவைக்கும் எபிலிட்டி, அதாவது பிறவித் திறன்) உள்ள பிரான்சாங், எனாமோரஸ். மூன்றாவது கோடு இந்தப் பட்டியலுக்கு உரியது. ஃபயர் ஃபேங் வைத்தால் முதல் மூன்றுக்கும் இரட்டிப்பு அடி. ஸ்டோன் எட்ஜ் வைத்தால் எனாமோரஸ், டிராகனைட், வோல்கரோனா சிக்கும். கார்விநைட்டுக்கு அது சாதாரண அடிதான். இரண்டையும் வைக்க இடமில்லை. உங்கள் டீமில் வேறு யாராவது கார்விநைட்டை அடிப்பார்களா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். "எல்லா டைப்பையும் இதுவே அடிக்கணும்" என்று ஒரே போக்கிமானில் நான்கு டைப் அட்டாக்கைத் திணிப்பதுதான் புதிதாக ஆடுபவர்கள் அதிகம் செய்யும் தவறு. நான்காவது கோட்டில் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் வைத்தால் அட்டாக் இரண்டு படி, அதாவது இரட்டிப்பாக ஏறும். அதற்கு எதிரே எழுத வேண்டியது, எதன்முன் நின்று பயமில்லாமல் ஒரு சுற்று ஆட முடியுமோ அதன் பெயர். அப்படி ஒன்றும் இல்லை என்றால் அந்த மூவும் வேண்டாம்.

டபுள்ஸில் கதை வேறு. எர்த்குவேக் எதிரிகள் இருவரோடு நம் துணையையும் அடிக்கும். பலர்மேல் படும் மூவ் என்பதால் டேமேஜ் 0.75 ஆகக் குறையும். ஸ்டாம்பிங் டான்ட்ரம் ஒருவரை மட்டும் அடிக்கும், பவர் 75. நூற்றில் முக்கால் எழுபத்தைந்து. கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்தில் பறக்கும் துணையோ லெவிடேட் துணையோ இல்லாமல் எர்த்குவேக் வைத்தால், ஒவ்வொரு தடவையும் துணை புரொடெக்ட் போட்டே ஆகவேண்டும். அதற்குத் தயாராக இல்லாத டீமுக்கு டான்ட்ரம்தான் சரி என்பது எங்கள் முடிவு.

அடி எவ்வளவு விழும் என்று எண்ணிப் பாருங்கள்

வலப்பக்கம் பெயர் எழுதியாயிற்று. அந்தப் பெயர் உண்மையிலேயே விழுமா? ஷோடவுனுக்கான டேமேஜ் கால்குலேட்டர் இலவசம், போனிலேயே திறக்கும். உதாரணத்துக்கு இன்சினரோர்: ஹெச்.பி.யில் 252 இ.வி. (பயிற்சியில் ஏற்றும் புள்ளி), டிஃபென்ஸில் ஒன்றுமில்லை. லெவல் 50-இல் அதன் ஹெச்.பி. 202, டிஃபென்ஸ் 110.

அட்டாக்கில் 252 இ.வி. போட்ட கார்சோம்புக்கு ஜாலி நேச்சர் (ஸ்பீடை ஏற்றும் குணம்) என்றால் அட்டாக் 182. சிங்கிள்ஸில் எர்த்குவேக் 186 முதல் 222 வரை அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் 16 அளவுகளில் ஒன்று குலுக்கலில் வரும். இங்கே 16-இல் 9 மட்டுமே 202-ஐத் தாண்டும். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அட்டாக்கை ஏற்றும் அடமன்ட் நேச்சரில் அது 200; குறைந்தபட்ச அடியே 206. கட்டாயம் விழும். ஆனால் ஸ்பீடில் முழு 252 போட்டும் அடமன்டில் 154 தான் வரும், ஜாலியில் 169. அடிப்படை ஸ்பீட் 100 உள்ளவை முழு வேகத்தில் 167 வரை போகும். ஜாலி அவற்றை முந்தும், அடமன்ட் முந்தாது. எனவே நேச்சரையும் மூவோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். இன்சினரோரை ஒரே அடியில் சாய்ப்பது முக்கியமா, அந்த 167-ஐ முந்துவது முக்கியமா? உங்கள் வலப்பக்கப் பெயர்களே பதில் சொல்லும்.

டபுள்ஸில் இதே ஜாலி கார்சோம்பின் எர்த்குவேக் 138–164, டான்ட்ரம் 140–168. இரண்டும் தனியாக இன்சினரோரைச் சாய்க்காது. அது இறங்கியவுடன் அதன் இன்டிமிடேட் எபிலிட்டி வேலை செய்து நம் அட்டாக் ஒரு படி இறங்கினால் எர்த்குவேக் 92–110 ஆகிவிடும், சுமார் பாதி ஹெச்.பி. லேடரில் (ஆன்லைன் தரவரிசை ஆட்டங்களில்) இன்சினரோரை அடிக்கடி பார்ப்பீர்கள். இந்த 92-ஐ எதிர்பார்த்தே செட் கட்டவேண்டும். 206-ஐ நம்பி அல்ல.

இ.வி. பற்றி ஒரு சின்னக் குறிப்பு. லெவல் 50-இல் முதல் 4 இ.வி.க்கு ஒரு புள்ளி, பிறகு ஒவ்வொரு 8-க்கும் ஒரு புள்ளி. 4, 12, 20 என்று போனால் வீணாகாது. வெறும் 8 போட்டால் அதில் 4 பாழ்.

குறி தவறுவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹைட்ரோ பம்ப் பவர் 110, குறி 80%. இரண்டு தடவை தொடர்ந்து படவேண்டும் என்றால் 64%. ஃபோகஸ் பிளாஸ்ட் 70%, இரண்டு தடவைக்கு 49%. சர்ஃபின் பவர் 90, குறி 100%. நீங்கள் எழுதிய பெயர் சர்ஃபிலேயே விழுமென்று கால்குலேட்டர் சொன்னால் ஹைட்ரோ பம்புக்கு வேலையே இல்லை (டபுள்ஸில் சர்ஃபும் துணையை நனைக்கும், மறக்காதீர்கள்). பம்பில் மட்டுமே விழும் என்றால் துணிந்து அதை எடுங்கள். மழை டீமில் தண்டர், ஹரிக்கேன் இரண்டும் குறி தவறாது; அங்கே இந்தப் பயமே வேண்டாம்.

அடிக்காத மூவின் மதிப்பு

2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க் பாச்சிரிசுவை வைத்து ஜெயித்தார். அதன் அடிப்படை அட்டாக் 45. நான்கு மூவ்: ஃபாலோ மீ, நஸில், சூப்பர் ஃபேங், புரொடெக்ட். ஃபாலோ மீ எதிரியின் அடியைத் தன் பக்கம் இழுக்கும். நஸில் பட்டால் கட்டாயம் முடக்கும். சூப்பர் ஃபேங் எதிரியின் மீதி ஹெச்.பி.யில் பாதியை எடுக்கும். அதற்கு அட்டாக் எவ்வளவு என்பது பொருட்டே இல்லை. அதே டீமில் இருந்த ஜியாரடோஸுக்கு எலெக்ட்ரிக் என்றால் ஆபத்து. பாச்சிரிசுவின் வோல்ட் அப்சார்ப் எபிலிட்டி அந்த மின்சாரத்தைக் குடித்து ஹெச்.பி. ஏற்றிக்கொள்ளும். பலவீனம் என்று நாம் நினைத்த அட்டாக் எண்ணை ஒரு மூவும் கேட்கவில்லை. செட் என்றால் இப்படி இருக்கவேண்டும்.

ஆனால் அடிக்காத மூவை மூன்று நான்கு அடுக்கினால் எதிராளியின் ஒரே ஒரு டான்ட் (அடிக்காத மூவை அழுத்தவிடாத மூவ்) அதைப் பொம்மையாக்கிவிடும். ஒரு அட்டாக்காவது இருக்கட்டும். வில்-ஓ-விஸ்ப் குறி 85%. சூடு பட்டவனின் உடல் அட்டாக் பாதியாகும், ஃபயர் டைப்புக்குப் படாது. ஸ்போர் தூங்கவைக்க 100%. கிராஸ் டைப்பிடமும் சேஃப்டி காகிள்ஸ் மாட்டியவரிடமும் பலிக்காது. பிராங்ஸ்டர் எபிலிட்டி (அடிக்காத மூவை முந்திப் போடவைப்பது) உள்ளவர் எதிரியின்மேல் போடும் இத்தகைய மூவ் டார்க் டைப்பிடம் தோற்கும். சக்கர் பஞ்ச், எதிரி அடிக்க முனைந்தால்தான் பலிக்கும். அவர் புரொடெக்ட் போட்டால் உங்கள் சுற்று போச்சு.

ஐட்டத்தோடு முட்டிக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். அசால்ட் வெஸ்ட் மாட்டினால் அடிக்காத மூவ் எதையும் அழுத்த முடியாது. எனவே இன்சினரோருக்கு வெஸ்ட் கொடுத்தால் அடிக்காத பார்ட்டிங் ஷாட்டை எடுத்துவிட்டு அடிக்கும் யூ-டர்ன் வையுங்கள். சாய்ஸ் ஐட்டங்கள் முதலில் அழுத்திய மூவிலேயே பூட்டிவிடும். அவற்றோடு புரொடெக்ட், ஸ்வார்ட்ஸ் டான்ஸ் இரண்டும் ஆகாது.

இன்னொன்று. வி.ஜி.சி. நேரடிப் போட்டிகளில் ஓப்பன் டீம் ஷீட் முறையில் உங்கள் மூவ், ஐட்டம், எபிலிட்டி, டெரா டைப் (ஆட்டத்தின் நடுவே மாறக்கூடிய டைப்) எல்லாம் ஆட்டத்துக்கு முன்பே எதிராளி கையில் இருக்கும். லேடரில் யாரும் எதிர்பாராமல் அடித்து ஜெயித்த மூவ் அங்கே பாதி மதிப்புக்கூடப் பெறாது.

ஆறு பக்கத்தையும் ஒன்றாக வைத்து

ஆறு போக்கிமானுக்கு 24 கோடு. ஆறையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். டபுள்ஸ் என்றால் வேகத்தை மாற்றும் மூவ் இரண்டாவது வேண்டும். நம் பக்கத்து ஸ்பீடை இரட்டிப்பாக்கும் டெயில்விண்ட், போட்ட சுற்றையும் சேர்த்து 4 சுற்று. மெதுவானதை முதலில் ஆடவைக்கும் டிரிக் ரூம் அப்படியே 5 சுற்று, ஆனால் அது சுற்றின் கடைசியில்தான் விழும், எனவே கைக்கு வருவது 4. டிரிக் ரூமுக்கு ஆடுபவரின் ஸ்பீடை பாட்டில் கேப் (ஸ்டேட்டின் பிறவி அளவை உச்சமாக்கும் பொருள்) கொடுத்து ஏற்றிவிடாதீர்கள், குறைவாக இருப்பதுதான் பலம். எதிராளியின் டிரிக் ரூமுக்கு உங்களிடம் என்ன பதில்? டான்டோ, எதிரியை அந்தச் சுற்றில் ஆடவிடாத ஃபேக் அவுட்டோ, நான்கு சுற்றைக் கடத்தும் புரொடெக்டுகளோ, ஏதாவது ஒன்று தாளில் தெரியவேண்டும். வலப்பக்கத்தில் ஒரே பெயர் ஐந்து தடவை வந்து, இன்னொரு முக்கியமான பெயர் வரவே இல்லை என்றால் திருத்தவேண்டிய இடம் அதுதான்.

ஸ்விட்சில் செட்டை ஏற்றுவது பெரிய வேலை இல்லை. ஒருமுறை கற்ற மூவை ஸ்டேட்டஸ் திரையிலேயே திரும்ப நினைவூட்டலாம். நேச்சரின் பலனை மாற்ற மின்ட், ஆட்டக் காசில் விலை 20,000. விட்டமின் ஒன்று 10,000, அதற்கு 10 இ.வி.; ஒரு ஸ்டேட்டை 252 ஆக்க 26 வேண்டும், அதாவது 2,60,000. காசு இல்லையென்றால் பவர் பிரேஸ்லெட் மாட்டி, அட்டாக் இ.வி. ஒன்று தரும் காட்டுப் போக்கிமானை 28 தடவை வெல்லுங்கள்: தடவைக்கு 1 + 8 = 9, மொத்தம் 252.

ஆனால் ஏற்றுவதற்கு முன் ஷோடவுனில் ஆடிப் பாருங்கள். ஸ்விட்ச் இல்லாதவர்களுக்கும் அதுவே களம். ஒயிட்ஃபீல்டில் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் ஏறினால் மெஜஸ்டிக் வருவதற்குள் மூன்று ஆட்டம் முடிக்கலாம். எம்.ஜி. ரோடு தாண்டி ரயில் சுரங்கத்தில் இறங்கும் நேரத்தில் புது ஆட்டம் தொடங்காதீர்கள்; நெட் அறுந்தாலும் டைமர் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நோட்டில் அந்தந்த மூவுக்கு எதிரே அழுத்திய எண்ணிக்கையைக் கோடு கிழியுங்கள். 20 ஆட்டத்தில் இரண்டே தடவை அழுத்திய மூவ் சந்தேகத்துக்குரியது. உடனே தூக்கிவிடாதீர்கள், ரீப்ளேயைத் திறந்து, அந்த மூவுக்குப் பயந்து எதிராளி மாற்றி இறக்கினாரா என்று பாருங்கள். கார்விநைட் உங்கள் ஃபயர் ஃபேங்குக்கு அஞ்சி வெளியே நின்றால் அது வேலை செய்கிறது என்று பொருள். அப்படியும் இல்லையென்றால் மாற்றுங்கள், ஒரு நேரத்தில் ஒரு மூவை மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் அடுத்த 20 ஆட்டத்தில் எது காரணமென்று கண்டுபிடிக்க முடியாது.