செகண்ட் ஹேண்ட் டீசல் கார்: மைலேஜ் எங்கே போகிறது?

பழைய டீசல் கார் வாங்கியவர்கள் முதல் மாதமே என்னிடம் கேட்பது இதுதான்: "விற்றவர் 20 கொடுக்கும்னு சொன்னார், எனக்கு 14தான் வருது. இன்ஜெக்டர் போயிடுச்சா?" 14 என்பது எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டால், திரையில் காட்டுகிறது என்பார்கள். அல்லது முள் இறங்கியதை வைத்து ஒரு குத்துமதிப்பு. இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் அந்த இன்ஜெக்டரில் கை வைக்கும் முன் கணக்கைச் சரிசெய்யுங்கள்.

டேங்கை நிரப்புங்கள். நாசில் தானாக கட் ஆனதும் அதோடு நிறுத்துங்கள். டீசல் நுரைக்கும், நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து கழுத்து வரை ஊற்றினால் அடுத்த தடவை அதே மட்டத்தைப் பிடிக்க முடியாது. ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, டேங்க் கால்வாசிக்கு வரும்வரை உங்கள் வழக்கப்படியே ஓட்டுங்கள். பிறகு அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், மறுபடி முதல் கட் வரை. 640 கிலோமீட்டர் ஓடி 38.4 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 16.7. பத்து லிட்டர் போட்டு டெஸ்ட் பண்ணுவது வீண் வேலை. நிரப்புவதில் 1 லிட்டர் முன்னே பின்னே ஆனால் அங்கே 10 சதவீதம் பிசகும். 40 லிட்டரில் அதே பிசகு இரண்டரை சதவீதம்தான். முதல் டேங்க் கணக்கை மட்டும் நம்பாமல், இரண்டு மூன்று டேங்குக்குச் சராசரி பாருங்கள்.

கூடவே டயர் அளவையும் பாருங்கள். முந்தைய ஓனர் அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருக்கலாம். 185/65 ஆர்15 இருக்க வேண்டிய இடத்தில் 195/65 ஆர்15 இருந்தால் சுற்றளவு சுமார் 2 சதவீதம் கூடும். அதாவது மீட்டர் 100 காட்டும்போது வண்டி 102 ஓடியிருக்கும். மைலேஜ் நிஜமாகவே குறையாமல், குறைந்த மாதிரி தெரியும். சரியான அளவும் காற்றும் டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் இருக்கும். காற்றை டயர் சூடாவதற்கு முன் பிடியுங்கள்.

சர்வீஸ் எப்போது நடந்தது என்று தெரியாத வண்டிக்கு இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூன்றையும் மாற்றிவிடுவது நல்லது. டிபிஎஃப் (சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள காருக்கு மேனுவலில் சொன்ன ஆயில்தான், வேறு வேண்டாம்.

அடுத்தது பிரேக். சமதளத்தில் நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை எடுத்துத் தள்ளிப் பாருங்கள். சின்ன கார் ஒரு ஆள் தள்ளினாலே நகர வேண்டும். அரை மணி நேரம், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். இடது முன்சக்கரத்தைவிட வலது முன்சக்கரம் கொதித்தால் அந்தப் பக்கத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பலரும் கோட்டைவிடுவது தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வை. திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது. "இன்னும் வார்ம் ஆகவில்லை" என்று நினைத்து இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ கூடுதலாக டீசல் விடும். டாஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. பல கார்களில் அது சூடு ஏறி இறங்கினாலும் நடுவில் அசையாமல் நிற்கும்படியே செய்திருக்கிறார்கள். காரின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்கும் ஒரு ஓபிடி பிளக்கை மாட்டி போனில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். கால்மணி நேரத்தில் 80 டிகிரியைத் தாண்டி அங்கேயே நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் காற்று அடித்ததும் 65, 70 என்று இறங்கினால் அதுதான் திருடன். பல கார்களில் சூடு போதாவிட்டால் டிபிஎஃப் ரீஜெனரேஷனும் (சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்வது) தொடங்காது; புகைக்கரி அடைத்துக்கொண்டே போகும்.

ரீஜெனரேஷன் நடக்கும்போது கரியை எரிக்கக் கூடுதல் டீசல் செலவாகும். ஐடில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறும், ஃபேன் ஓடும், கருகல் வாசனை வரும். அந்த நேரம் ஆஃப் பண்ணாதீர்கள். பக்கத்துத் தெரு வரை மட்டுமே ஓடும் வண்டியில் இது பாதியில் நின்று நின்று மறுபடி ஆரம்பிக்கும், மைலேஜும் விழும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் டீசல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம், உடனே காட்டுங்கள்.

அழுத்தி மிதிக்கும்போது கறுப்புப் புகையா? இன்ஜினுக்குக் காற்று போதவில்லை. காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸை விரலால் தடவுங்கள். உள்ளே லேசான ஆயில் இருப்பது சகஜம். க்ளாம்ப் ஓரத்தில் வெளியே ஈரப் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து அப்பியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. மிதிக்கும்போது 'உஸ்' சத்தமும் கேட்கும். ஹோஸ் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம், புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வ்.

ஓட்டும் விதம் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2,000 ஆர்பிஎம் வாக்கில் கியர் ஏற்றுங்கள், 1,200-க்குக் கீழே உறும விடாதீர்கள். இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கத்தை விடுங்கள்: கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் சுத்தமாக நிற்கும், நியூட்ரலில் ஐடிலுக்குக் குடித்துக்கொண்டே இருக்கும். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். கூரை மேல் காலி கேரியர் இருந்தால் இன்னும் மோசம்.

இதெல்லாம் பார்த்தும் கணக்கு ஏறவில்லையென்றால் இன்ஜெக்டருக்கு வரலாம். அப்போதும் நான்கையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் ஒரு சின்ன பாட்டில் மாட்டி லீக்-ஆஃப் டெஸ்ட் செய்யச் சொல்லி, கூடவே நில்லுங்கள். மூன்று பாட்டில் ஒரே மட்டத்தில் இருந்து நான்காவது மட்டும் நிரம்பினால், அந்த ஒன்றைக் கழற்றி பெஞ்சில் சோதிக்கக் கொடுத்தால் போதும்.